கடற்பறவைக் குலமும் மலைநாட்டு நீர்நிலைகளும்

இலங்கையின் கண்டிக்கு அருகிலுள்ள திகனவிலிருந்து கடற்கரைக்குச் செல்வது நெடும்பயணம் என்றாலும், அவ்வூரை அடுத்த விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் சிறகை விரித்து வெயிலில் நிற்கும் நீர்க்காகம், உயிரியல் வகைப்பாட்டின்படி, கலாபகஸ் தீவுகளில் வாழும் நீலக்கால் கடற்பறவையாகிய பூபிக்கு உறவினமே ஆகும். பூபியின் கால்களில் தோன்றும் நீலத்துக்கு, மீன் உணவிலிருந்து அது பெறும் கரோட்டினாய்டு என்னும் நிறமிப் பொருள்கள் துணைநிற்கின்றன. நன்கு உண்ட ஆணின் கால் பளிச்சிடுவதாலும், இரை குறைந்தால் சில நாட்களிலேயே மங்கிவிடுவதாலும், பெண் பறவையின் முன் அது காலைத் தூக்கித் தூக்கி ஆடுவது தன் உடல்நலத்தைக் காட்டுவதாகவே அமைகிறது. இவ்வினத்துக்கு அடைகாக்க உதவும் இறகற்ற வயிற்றுத்தோல் இல்லாமையால், நான்கு விரல்களையும் இணைக்கும் சவ்வினாலேயே முட்டைகளுக்குச் சூடூட்டுகிறது. அத்தகைய கால் நீர்க்காகத்துக்கும் உண்டு. ஆனால் பூபி வானிலிருந்து பாய்ந்து மீன் பிடிக்க, நீர்க்காகமோ நீரின் மேற்பரப்பிலிருந்தே மூழ்குகிறது. இறகுகள் நனைவதால் மிதப்புக் குறைந்து மூழ்குவது எளிதாகிறது, பின்னர் அவற்றை உலர்த்த வேண்டியும் வருகிறது.

இவ்வாறு மூழ்கி வேட்டையாடும் பறவைக்கு உகந்த, விரிந்து தேங்கிய நீர் கண்டிப் பகுதியில் இயற்கையாக அமையவில்லை. மகாவலி கங்கை பல இடங்களில் பாறைகளினூடே விரைந்தோடும் ஆறாகவே இருந்தது. கண்டியை ஆண்ட நாயக்க மரபின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலதா மாளிகையின் முன்னிருந்த வயல்வெளியை மறித்து, பாற்கடல் என்னும் பொருளில் ‘கிரி முகுத’ என வழங்கப்பட்ட வாவியை 1807இல் கட்டத் தொடங்கினான். இன்று அவ்வாவியைச் சூழ்ந்த மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டமாகத் தங்குகின்றன. கீழே நடப்போர் அவற்றின் எச்சத்துக்கு அஞ்சிக் குடை விரிப்பதையும் காணலாம்.

திகனவில் நேர்ந்த மாற்றம் இதனினும் பெரிது. துரித மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், பிரித்தானிய நிதியுதவியுடன் 1978இல் தொடங்கி 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை, 122 மீட்டர் உயரமுடைய வளைவு அணை, அதாவது நீரின் அழுத்தத்தைத் தன் வளைவினால் இருபுறப் பாறைகளுக்குக் கடத்தும் அணை ஆகும். அது தேக்கிய ஏறத்தாழ 72 கோடி கன மீட்டர் நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, திகன வளர்ந்தது. பறவைகளுக்கு வாய்த்த நீர் மனிதர் இழந்த நிலத்தின் மேலேயே நிற்கிறது என்பதை அபிவிருத்தி வரலாறுகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன.

நீர் மட்டும் போதாது, மீனும் வேண்டும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய திலாப்பியா, தேங்கிய நீரில் விரைந்து பெருகி, நாட்டின் நன்னீர் மீன்பிடிக்கு அடித்தளமாயிற்று. சமய அடிப்படையிலான எதிர்ப்பையடுத்து 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியது. நீர்க்காகத்துக்கோ அத்தகைய தடை ஏதுமில்லை. ஆகவே திகனவின் மீனுண்ணும் பறவைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், இயற்கை நூல்களோடு நீர்ப்பாசன, மீன்வளத் துறைகளின் கோப்புகளையும் புரட்டியாக வேண்டும். மனிதர் தேக்கிய இந்நீரின் கரைகளுக்குக் காப்பும் அணைக்குப் பின்னரே வந்தது: விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் 1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.