யுத்தகாலத்து மாணவர் இசைக்குழு

நாடு போரில் ஈடுபட்டிருக்கும் வேளையில் இசைவிழா எதற்கு என்னும் வினா காலந்தோறும் எழுந்திருக்கிறது. வயிற்றுக்கு உணவும் போர்முனைக்கு ஆயுதமும் வேண்டிய நேரத்திலே பாட்டும் வாத்தியமும் ஆடம்பரமாகத் தோன்றுவது இயல்பே. இந்த வினாவுக்கு 1942ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் மலைச்சாரல் ஒன்றில் ஒரு மாணவர் குழு விடை கூறிற்று. அவ்வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

மாஸச்சூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 மைல் தொலைவில், பெர்க்சயர் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே டாங்கிள்வுட் என்ற விசாலமான வளவு ஒன்று பொஸ்டன் சிம்பனி இசைக்குழுவுக்கு நன்கொடையாகக் கிடைத்தது. 1937 முதல் அக்குழு கோடைதோறும் அங்கு சென்று கச்சேரி நிகழ்த்தலாயிற்று. முதல் ஆண்டிலேயே கடும் புயல்மழை நிகழ்ச்சியைக் குலைத்தது. ஆகவே 1938இல் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அமரக்கூடிய, பக்கங்கள் திறந்த பெரிய கொட்டகை ஒன்று எழுப்பப்பட்டது.

அக்குழுவின் நெறியாளர் சேர்ஜ் கூசெவிட்ஸ்கி. 1874இல் ரஷ்யாவிலே பிறந்தவர். டபிள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தில் வல்லுநராகப் புகழ் பெற்றுப் பின்னர் நெறியாளரானவர். வொல்கா நதியிலே நீராவிக் கப்பலில் தம் இசைக்குழுவை ஏற்றிச் சென்று, கரையோர ஊர்களில் எல்லாம் இசை வழங்கியவர். 1920இல் தாயகத்தை நீங்கி, 1924இல் பொஸ்டன் குழுவின் தலைமையை ஏற்றார். இளம் கலைஞர்கள் தேர்ந்த கலைஞர்களோடு கூடி வாழ்ந்து கற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாட் கனவு. அக்கனவு 1940இல் டாங்கிள்வுட்டில் ஓர் இசைப்பள்ளியாக உருப்பெற்றது. அதன் முதல் ஆண்டு மாணாக்கருள் ஒருவரே, பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய லெனார்ட் பேர்ன்ஸ்டைன்.

1942ஆம் ஆண்டு கூசெவிட்ஸ்கிக்குச் சோதனை ஆண்டாக அமைந்தது. சனவரியில் அவருடைய துணைவியார் நத்தாலி காலமானார். அமெரிக்கா போரில் இறங்கியிருந்தமையால் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மோட்டார் வண்டியில்லாமல் மலைநாட்டு விழாவுக்கு மக்கள் எங்ஙனம் வருவர்? அவ்வாண்டு கோடை விழாவைக் கைவிடுவதென இசைக்குழுவின் நிர்வாகிகள் முடிவு செய்தனர். கூசெவிட்ஸ்கி அதற்கு இணங்கவில்லை. மனைவியின் நினைவாகத் தாம் நிறுவிய அறநிதியத்தின் துணைகொண்டு பள்ளியை நடத்த முன்வந்தார். தேர்ந்த இசைக்குழு வாராத மேடையிலே மாணவர் இசைக்குழு ஏறிற்று.

இவ்வேளையில் ரஷ்யாவிலிருந்து ஒரு புதிய படைப்பு வந்து சேர்ந்தது. ஷொஸ்டகோவிச் என்னும் இசையாக்குநர், ஜெர்மானியப் படைகளால் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரிலே இருந்தவாறு தமது ஏழாவது சிம்பனியின் முதல் மூன்று பகுதிகளை எழுதினார். எஞ்சிய பகுதியை, நகரினின்று வெளியேற்றப்பட்ட பின்னர், குய்பிஷெவ் நகரில் 1941 டிசெம்பரில் முடித்தார். அதன் இசைக்குறிப்பு நுண்படச் சுருளாக்கப்பட்டு, தெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்காவை அடைந்தது. அங்கே அதனை முதலில் நடத்துவது யார் என்பதில் பெரும் போட்டி மூண்டது. 1942 ஜூலை 19ஆம் திகதி ஆர்ட்டூரோ டொஸ்கனீனி நியூ யோர்க் வானொலி நிலையத்திலிருந்து அதனை ஒலிபரப்பினார். ஆயினும் கச்சேரி மேடையில் அதனை அமெரிக்காவில் முதன்முதல் அரங்கேற்றும் உரிமை கூசெவிட்ஸ்கியிடம் இருந்தது. அவ்வுரிமையை அவர் தம் மாணவர்க்கே அளித்தார்.

அஃது எளிய பணியன்று. அப்படைப்பு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நீள்வது. நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியக்காரரை வேண்டுவது. முதற்பகுதியிலே ஒரு சிறு அணிவகுப்பு மெட்டு, பக்க முரசின் ஓயாத தாளத்தின் மேல், மெல்லெனத் தொடங்கித் திரும்பத் திரும்ப வந்து பேரிரைச்சலாக வளர்கிறது. அவ்வளர்ச்சியைப் படிப்படியாகக் கட்டிச் செல்வதற்கு அனுபவமிக்க கலைஞரும் அஞ்சுவர். சில வார காலமே கூடிப் பழகிய இளைஞர்களை அவ்வழியே நடத்திச் செல்வது நெறியாளரின் பொறுப்பாயிற்று.

ஒகஸ்ட் 9ஆம் திகதி, முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராட்டிலேயே அந்தச் சிம்பனி ஒலித்தது. அந்நகர வானொலி இசைக்குழுவில் பலர் பட்டினியால் மாண்டிருந்தனர். முதல் ஒத்திகைக்கு வந்தவர் பதினைவர் அளவிலேயே இருந்தனர் என்பர். போர்முனையிலிருந்து வாத்தியம் அறிந்த படைவீரர் வரவழைக்கப்பட்டனர். நெறியாளர் எலியாஸ்பேர்க் அவர்களைக் கொண்டு கச்சேரியை நிறைவேற்றினார். ஒலிபெருக்கிகள் அதனை நகரெங்கும் பரப்பின.

ஐந்து நாட்களின் பின், ஒகஸ்ட் 14ஆம் திகதி, டாங்கிள்வுட் கொட்டகையிலே கூசெவிட்ஸ்கி மாணவர் முன் நின்றார். அந்நிகழ்ச்சி ரஷ்ய மக்களின் யுத்த நிவாரணத்துக்கு உதவும் பொருட்டு நடைபெற்றது. அங்கே பசியில் வாடியோர், இங்கே பயிற்சி முற்றாத இளையோர். இரு குழுவினரும் தம் ஆற்றலுக்கு மேற்பட்ட ஒன்றையே தோளில் சுமந்தனர்.

1943 முதல் 1945 வரை பள்ளி மூடிக் கிடந்தது. 1946இல் அது மீண்டும் திறந்தபோது, நத்தாலியின் நினைவாகப் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘பீற்றர் கிரைம்ஸ்’ என்னும் இசைநாடகம் அமெரிக்காவில் முதன்முதலாக அங்கு அரங்கேறியது. அதனை நடத்தியவர் பேர்ன்ஸ்டைன். 1951இல் கூசெவிட்ஸ்கி மறைந்தார். 1990 ஒகஸ்டிலே, நோயுற்ற முதியவராய்ப் பேர்ன்ஸ்டைன் அவ்விடத்துக்கு வந்து மாணவர் இசைக்குழுவை நடத்தினார். இரு மாதங்களில் அவரும் மறைந்தார். லெனின்கிராட் 1991இல் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. டாங்கிள்வுட் பள்ளியோ தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

பெரிய படைப்பை இளையோர் கையில் ஒப்படைக்க ஆசானுக்குத் துணிவு வேண்டும். விழா வேண்டாம் என்று பெரியோர் ஒதுங்கிய ஆண்டிலே கூசெவிட்ஸ்கி அத்துணிவைக் காட்டினார். மாணவர்கள் அதற்குத் தகுந்தவராயினர். கலை அழியாது நிலைபெறும் வழியும் இதுவேயாகும்.