இரத்தத்தை ஒளியால் அறிதல்: ஆனைகட்டி மலைப்பகுதியின் வரலாறு

அரிவாள் செல் சோகைக்கான மரபணு இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1952இல். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அதைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தவர்களுள் இருளரும் உண்டு. கொடுங்கரைப்பள்ளத்தின் இரு கரையிலும், அதாவது கோவை மாவட்டத்து ஆனைகட்டியிலும் கேரளத்து அட்டப்பாடியிலும், வாழ்பவர்கள் அதே இருளர்தான். மாநில எல்லை நோய்க்குப் பொருட்டில்லை.

அக்காலச் சோதனை எளியது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் காற்றுப் புகாமல் அடைத்து, ஆக்சிஜன் குறைந்ததும் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வளைந்தால் மரபணு இருப்பது தெரியும். அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்ததா என்பது தெரியாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்; இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே நோய்.

நுண்ணோக்கி இல்லாமலே செய்யக்கூடிய கரைதிறன் சோதனை பின்னர் வந்தது. விரல் நுனி இரத்தத்தைச் சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் விட்டு, குழாயின் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் குறையில்லை. அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கிக் கோட்டை மறைத்துவிடும். மின்சாரம் வேண்டாத இந்தச் சோதனையையும் ஒளி உணரி என்றே கொள்ளலாம். மலையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வாய்ப்பது அரிது. ஆனால் இதுவும் மரபணு ஒரு வழியா இரு வழியா என்று சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் உறிஞ்சும் ஒளியை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி தேவை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் 2047க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காக வைத்து, பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது.

ஒளியால் நோயறியும் இதே வழியின் நுட்பமான கிளை புற்றுநோய்ப் பக்கம் போனது. முதிரும் சிவப்பணுக்கள் நுண்பைகளை வெளித்தள்ளுவதை ரோஸ் ஜான்ஸ்டோன் குழு 1983இல் விவரித்தது. அந்த நுண்பைகளுக்கு எக்சோசோம் என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. புற்றுச் செல்களும் அவற்றை உமிழ்கின்றன. அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். அதே 1983இல் ஸ்வீடனில் லீட்பெர்க் குழு, மெல்லிய உலோகப் படலத்தில் புரதம் ஒட்டும்போது எதிரொளிப்பு மாறுவதை உயிர் உணரியாக்கியது. 2014இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்தனர். நுண்துளைகளிட்ட தங்கப் படலத்தில் எதிர்ப்பொருள்களைப் பதித்து, சினைப்பைப் புற்றுநோயாளிகளின் வயிற்றில் தேங்கிய நீரிலிருந்து எக்சோசோம்களைப் பிடித்துக் காட்டினர். இவ்வகை உணரிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகங்களிலேயே உள்ளன. கட்டி புற்றுதானா என்பதை மருத்துவமனைகள் பொதுவாகத் திசுவை எடுத்துப் பார்த்தே உறுதிசெய்கின்றன.