சைக்கிள் இழுத்த வீடு

1947இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மனுசன் சைக்கிளில் இருக்கிறார். சைக்கிளுக்குப் பின்னால், வெள்ளிபோல மினுங்கும் ஒரு அலுமினிய வீடு, சில்லுகளோட. ஆள் அல்பிரட் லெத்தூர்னர், பிரான்சில் பிறந்த சைக்கிள் பந்தய வீரர். 1941இல் ஒரு காருக்குப் பின்னால் ஒட்டி ஓடி மணிக்கு 175 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டவர். பின்னால் நிற்பது எயார்ஸ்ட்ரீம் கம்பனியின் பயண ட்ரெயிலர். இந்தப் படத்தைத்தான் கம்பனி பிறகு தன் சின்னமாகவே ஆக்கிக்கொண்டது.

இது பொய்ப்படமோ எண்டு எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. பொய் இல்லை. நல்ல ரயரும் தார் ரோட்டும் இருந்தா, ஒரு தொன் பாரத்தைச் சமதரையில் உருட்ட 10, 15 கிலோ அளவான இழுவை போதும். ஆனால் ரோட்டு 100 மீற்றருக்கு 5 மீற்றர் ஏறினால், அதே தொன்னுக்கு இன்னும் 50 கிலோ இழுவை வேணும். இறங்கும்போது அதே 50 கிலோ பின்னால் நின்று தள்ளும். படத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எப்படி நிப்பாட்டுறது எண்டு யாரும் கேட்கவுமில்லை.

எங்களுக்கு ட்ரெயிலர் எண்டா லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் கொழுவின பெட்டிதான். நெல்லு, சீமெந்து, இடம்பெயர்ந்தால் சட்டி பானையும் அம்மம்மாவும். வீட்டையே பின்னால் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போறது எங்கட கற்பனைக்குள் லேசில் வராது. அமெரிக்காவிலும் அது விடுமுறையோட மட்டும் நிற்கவில்லை எண்டதைப் பிறகுதான் அறிந்தோம்.

1934இல் ஹோலி போலஸ் என்பவர் 'றோட் சீஃப்' என்ற ட்ரெயிலரைச் செய்தார். அவர் கிளைடர் விமானம் வடிவமைப்பவர். லிண்ட்பேர்க் அத்திலாந்திக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய பட்டறையில் வேலை செய்தவர். அதனால்தான் அந்த ட்ரெயிலர் சிறகு கழற்றின விமானம் மாதிரி இருக்கும். கம்பனி சீக்கிரமே நொடித்துப்போனது. அதே சாயலில் 1936இல் வொலி பயம் 'எயார்ஸ்ட்ரீம் கிளிப்பர்' கொண்டுவந்தார். விலை 1,200 டொலர். பெருமந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை.

ஆனால் அதே பெருமந்தம்தான் மலிவான மரப்பலகை ட்ரெயிலர்களையும் பெருக்கியது. வேலை தேடி அலைந்த குடும்பங்களுக்கு அதுதான் வீடு. இன்னும் இருபது வருசத்தில் பாதி அமெரிக்கா ட்ரெயிலரில்தான் குடியிருக்கும் எண்டு றொஜர் பாப்சன் என்ற பொருளாதார ஆரூடக்காரர் சொன்னார். நகரசபைகள் பயந்துபோய், ட்ரெயிலர் நிறுத்தத் தடைச்சட்டம் போடத் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கதை மாறியது. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளரைக் குடியமர்த்த அரசாங்கமே பல்லாயிரம் ட்ரெயிலர்களை வாங்கியது. போர் முடிய, ட்ரெயிலரில் இருக்கிறவன் எண்ட சொல் திரும்பவும் வசைச்சொல்லாய்ப் போனது. வசதியானவன் இழுத்தால் உல்லாசம், வசதியில்லாதவன் இருந்தால் அசிங்கம்.

1959இல் பயம் சுமார் நாற்பது ட்ரெயிலர்களைக் கூட்டிக்கொண்டு கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டார். ஆபிரிக்காவின் பதினேழு நாடுகள் சுதந்திரமடைந்த 1960, இந்த ஊர்வலம் வழியில் இருந்தபோதே பிறந்தது. அந்தப் பயணத்தின் படங்களில் பிரமிட்டுக்கு முன்னால் வெள்ளி ட்ரெயிலர்கள் வட்டமாய் நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கு. அந்த அழகு எங்களுக்குக் கொஞ்சம் கசக்கவும் செய்கிறது.

இனி இழுக்கிற வண்டியின் கதை. இது வேறொரு கண்டத்தில், பீரங்கியோட தொடங்குகிறது. 1900 அளவில் ஃபேர்டினண்ட் போர்ஷே வியன்னாவில் 'செம்பர் விவுஸ்' என்ற காரைச் செய்தார். எப்போதும் உயிருடன் எண்டு அர்த்தம். பெற்றோல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும். சில்லுக்குள் இருக்கும் மோட்டர் அந்த மின்சாரத்தில் சுத்தும். இன்றைய ஹைபிரிட்டின் பாட்டன். பிறகு ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பனியில் இருந்தபோது இதே யுக்தியை இராணுவத்துக்காகப் பெருப்பித்தார். முன்னால் போகும் வண்டி மின்சாரம் உற்பத்தி செய்யும். அது வயர் வழியாகப் பின்னால் கொழுவின ட்ரெயிலர்களின் சில்லுகளுக்குப் போகும். அதாவது ட்ரெயிலர் இழுபடவில்லை, தானே நடந்தது. முதலாம் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் பெரும் பீரங்கிகளை இப்படித்தான் நகர்த்தினார்கள். ஆகவே ஹைபிரிட்டுக்கு இழுவை புதுசு எண்டு யாரும் சொன்னால் நம்பாதேங்கோ.

போருக்குப் பிறகு பெற்றோல் மலிந்தது, யுக்தி மறந்துபோனது. அமெரிக்கக் குடும்பங்கள் நீளமான ஸ்டேசன் வாகன்களில் ட்ரெயிலரைக் கொழுவின. 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம். அந்தச் சட்டம் கார்களை ஒரு மாதிரியும், 'இலகு ட்ரக்' வகையை வேறு மாதிரி, கொஞ்சம் இளக்கமாகவும் பார்த்தது. கம்பனிகளுக்கு இது போதுமே! ஸ்டேசன் வாகன் செத்தது. ட்ரக் என்ற பெயரில் எஸ்யூவி வளர்ந்தது. சிக்கனத்துக்காகப் போட்ட சட்டம் பெரிய வண்டிக்கு வழி திறந்துவிட்டது.

ஹைபிரிட் எஸ்யூவி வந்தது 2004இல். ஃபோர்ட் எஸ்கேப். அதன் சாதாரண வி6 வண்டி 3,500 இறாத்தல் இழுக்கும். ஹைபிரிட்டுக்கு அனுமதித்தது 1,000 இறாத்தல். கிலோவில் 450தான். (இறாத்தலை நாங்கள் பாணோட மட்டும்தான் வைத்திருக்கிறோம்.) அடுத்த வருசம் டொயோட்டாவின் ஹைலாண்டர் ஹைபிரிட் 3,500 இறாத்தலோட வந்தது.

இந்த எண்களை அப்போது ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. 2008இல்தான் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. அதில் ஒன்று, அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றம். பாலைவன வெயிலில் 18 கிலோமீற்றர், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் கீழே விழாமல் ஏற வேணும். 2010இல் முதலில் ஒத்துக்கொண்டது டொயோட்டா. அதன் ட்ரக்குகளின் இழுவை எண்கள் சில நூறு இறாத்தல்களால் இறங்கின. வண்டி அதேதான், எண் மட்டும் உண்மைக்குக் கிட்ட வந்தது. மற்றக் கம்பனிகள் வருசக்கணக்காய் இழுத்தடித்தன, ட்ரெயிலரை அல்ல.

ஏறுவதைச் சொன்னோம். இறங்குவதை நாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தோம். காரும் ட்ரெயிலருமாக 3.5 தொன் எண்டு வைப்பம். அதே ஏற்றத்தில் உயர வித்தியாசம் ஏறக்குறைய 900 மீற்றர். கீழே வரும்போது விடுபடும் சக்தி, எங்கட கரண்ட் பில் கணக்கில், 8 யூனிற்றுக்கு மேல். காற்றும் ரயரும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மிச்சத்தைப் பிடித்துவைக்க வேண்டிய ஹைலாண்டர் பற்றரி 2 யூனிற்றும் கொள்ளாது. பாதி மலைக்கு முதலே பற்றரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு ஹைபிரிட் பிறேக்கின் அந்தப் புகழ்பெற்ற சேமிப்பு வேலை செய்யாது. வண்டி எஞ்சினை வெறுமனே சுத்தவைத்துச் சக்தியை வீணாக்கும், மீதி வெப்பமாய் பிறேக்குக்குள் போகும். பின்னால் இருக்கும் குடும்பத்தின் உயிர் ட்ரெயிலருக்கென்று தனிப் பிறேக் இருக்கா இல்லையா எண்டதில் தங்கியிருக்கு. விளம்பரங்களில் எல்லாம் வண்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், கவனித்திருக்கிறீங்களோ?

பிறகு வந்த பெரிய ஹைபிரிட்டுகள் எண்ணைக் கூட்டின. 2022இல் வெளியான டொயோட்டா செக்கோயா 9,000 இறாத்தலுக்கும் மேல் இழுக்கும். ஆனால் அதில் மோட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்குக் கைகொடுக்கத்தான். பெற்றோல் மிச்சம்பிடிக்க ஹைபிரிட் வாங்கிறவர் தேடும் வண்டி இதுவல்ல.

அதே 2022இல் எயார்ஸ்ட்ரீம் 'ஈஸ்ட்ரீம்' என்ற மாதிரி ட்ரெயிலரைக் காட்டியது. 2023இல் லைட்ஷிப் என்ற கம்பனியும் ஒன்றைக் காட்டியது. இரண்டிலும் ட்ரெயிலருக்குள்ளேயே பற்றரி, அதன் சில்லுகளைச் சுத்த மோட்டர். முன்னால் போகும் வண்டிக்குப் பாரம் தெரியாது. இறக்கத்தில் பிடிக்கும் சக்தியை வைக்கப் பெரிய இடமும் இருக்கு. செய்திகள் இதைப் புத்தம்புதுசு எண்டு எழுதின. போர்ஷேயின் பீரங்கி வண்டிகளைப் பற்றி நாங்கள் பார்த்தவற்றில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஈஸ்ட்ரீமைக் கழற்றிவிட்ட பிறகு கைத்தொலைபேசியால் தானாகவே நகர்த்தி நிறுத்தலாமாம். லெத்தூர்னருக்கு அதில் வேலை இல்லை.