குவென்கா

குவென்கா, ஸ்பெயினின் கஸ்தீயா-லா மாஞ்சா தன்னாட்சிப் பகுதியிலுள்ள ஒரு மாகாணத் தலைநகர். ஹூக்கார், உவேக்கார் ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளுக்கு இடையே, செங்குத்தான பாறை முகட்டில் பழைய நகரம் அமைந்துள்ளது. முஸ்லிம்கள் கோட்டை கட்டி வளர்த்த இவ்வூரைக் கஸ்தீயாவின் மன்னர் எட்டாம் அல்போன்சோ 1177இல் கைப்பற்றினார். 1996இல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது.

காண வேண்டியவை: மர மாடங்கள் பள்ளத்தாக்கின் மேல் நீண்டு நிற்கும் 'தொங்கும் வீடுகள்' இந்நகரின் அடையாளம். அவற்றில், மணிலாவில் பிறந்த ஓவியர் பெர்னாண்டோ சோபெல் 1966இல் தொடங்கிய ஸ்பானிய அரூப ஓவிய அருங்காட்சியகம் உள்ளது. எதிர்க்கரையிலுள்ள பழைய சான் பாப்லோ மடத்துக்குச் செல்லும் இரும்பு நடைபாலத்திலிருந்து இவ்வீடுகளை முழுமையாகக் காணலாம். ஸ்பெயினின் தொடக்ககாலக் கோதிக் கட்டடங்களுள் ஒன்றான பேராலயத்தின் கோபுரம் 1902இல் இடிந்தது. முகப்பு பின்னர் திருத்திக் கட்டப்பட்டது.

சுற்றுப்புறம்: மலைப்பகுதியில், சுமார் 30 கி.மீ. தொலைவில் 'மந்திர நகரம்' எனப்படும் பாறைக்காடு உள்ளது. மழைநீரும் காற்றும் பனியும் சுண்ணப் பாறைகளின் மென்மையான அடிப்பகுதியை விரைவாகவும் கடினமான மேற்பகுதியை மெதுவாகவும் அரித்ததால், பல பாறைகள் காளான் வடிவம் பெற்றுள்ளன. போகும் வழியிலுள்ள 'பிசாசின் சாளரம்' என்னும் குகைத் திறப்பு, ஹூக்கார் பள்ளத்தாக்கை நோக்கியது.