ஓடக்காரி என்ன நிறம்?

பெரம்பலூர்ல பஸ் ஏறி, அரியலூர், ஜெயங்கொண்டம் வழியா கங்கைகொண்ட சோழபுரம் வந்திருக்கேன். 'பொன்னியின் செல்வன்' நாயகன் அருள்மொழியோட மகன் ராஜேந்திரன் கட்டின கோயில். இங்க சிவன், சண்டேசர் தலையில பூமாலை சுத்துற சிற்பம் இருக்கு. பக்கத்துல பார்வதி. எல்லாருக்கும் ஒரே கல்நிறம்.

1950-ல கல்கி இதழில் தொடர் ஆரம்பிச்சப்போ, இந்தக் கதைமாந்தர்களுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். 2022-ல மணிரத்னம் கொடுத்தார்: நந்தினியா ஐஸ்வர்யா ராய், பூங்குழலியா ஐஸ்வர்யா லட்சுமி. நந்தினி பொன்னிறம்னு கல்கியே எழுதினார், சரி. ஆனா பூங்குழலி? கோடிக்கரை வெயில்ல படகு ஓட்டுறவ. அந்த வேஷத்துக்கு ஒரு கறுப்பான தமிழ் நடிகையோட முகம் நமக்கு ஏன் ஞாபகம் வரலை?

நடிச்சவங்க மேல குறையில்லை. நம்ம திரையில கறுப்பு ஹீரோவுக்கு இடம் இருக்கு. கறுப்பு ஹீரோயினுக்கு ஓடக்காரி வேஷம்கூடக் கிடைக்கலைன்னா, வேற எப்போ கிடைக்கும்?