எண்ணூருக்கும் அதே விலை

பாரிமுனையில் போடும் 50 காசு அஞ்சலட்டை அடுத்த தெருவுக்குப் போனாலும் எண்ணூர்க் குப்பத்துக்குப் போனாலும் விலை ஒன்றுதான். இந்தச் சமத்துவத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், கடிதம் சுமக்கும் தனியுரிமையை அரசுக்கே அளித்தது. கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட காலனியச் சட்டம் அது. ஆனாலும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. துறைமுகத்தை ஒட்டிய கம்பெனிகளின் கட்டுக் கடிதங்கள் தந்த வருமானம், ஒற்றைக் கடிதத்தோடு எண்ணூர்வரை சைக்கிள் மிதித்த தபால்காரரின் சம்பளத்துக்கும் உதவியது.

பெண்களுக்கு இதில் என்ன பங்கு? 1880இல் மணியார்டரும் 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் வந்தன. மணமான பெண்ணின் சேமிப்பை அவளிடமே கொடுக்க 1873ஆம் ஆண்டின் அரசு சேமிப்பு வங்கிச் சட்டம் ஏற்கெனவே இடம் தந்திருந்தது. தபால்காரர் வாசலுக்கு வந்து பெயர் சொல்லி அழைத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிப் பணத்தை அவள் கையில் கொடுத்தார். 1972இல் தொடங்கிய மகிளா பிரதான் திட்டத்தில் தவணைப் பணம் வசூலிக்கும் முகவர்களும் பெண்களே. காசிமேட்டில் மீன் விற்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அஞ்சலகப் பாஸ்புத்தகம் இருக்கலாம்.

1980களில் கூரியர்கள் பரவின. கடிதத்தை 'ஆவணம்' என்று பெயர் மாற்றி, லாபம் தரும் அலுவலகத் தபாலை அவை எடுத்துக்கொண்டன. எண்ணூர்க் குப்பம் அஞ்சல் துறைக்கு மிஞ்சியது. 1986இல் அரசும் விரைவு அஞ்சலோடு போட்டியில் இறங்கியது. 2024 ஜூன் 18இல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில், அஞ்சல்தலை வெளியிடும் தனியுரிமை மட்டுமே மிச்சம். 2025இல் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. ஜீவனாம்சத்துக்கோ நிலுவைக் கூலிக்கோ மனு அனுப்பும் பெண்ணுக்குத் தேவை வேகம் அல்ல, மனு போய்ச் சேர்ந்ததற்கான சான்று. இப்போது அவள் வேகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறாள்.

கடிதமே குறைந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். டென்மார்க் 2024இல் எல்லோருக்கும் அஞ்சல் என்ற சட்டக் கடமையைக் கைவிட்டது; 2025 முடிவில் அரசு அஞ்சல் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்தியது. அங்கே அந்தக் கடமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததால், நீக்கியது வெளியே தெரிந்தது. இங்கே தனியுரிமை போனதும், அந்தக் கடமைக்குச் செலவழித்த வருமானம் சத்தமில்லாமல் கரைகிறது.

தனியுரிமை திரும்பி வராது. ஆனால் எண்ணூர்க் கடிதத்துக்கான செலவை யார் ஏற்பது என்பதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். அஞ்சலகத்தைக் கடைசியாகக் கைவிடப்போகிறவர்கள் பெண்கள்தான். ஆகவே கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.