இன்று ரொக்கம், நாளை கடன்

எங்கள் தெருக்கோடியில் இருந்த மளிகைக் கடையில் ஒரு தகரப் பலகை தொங்கும். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று அதில் எழுதியிருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் பலகையில்தான். ஒரு நாள் கடைக்கார அண்ணாச்சியிடம், "அப்படியானால் நாளைக்கு வந்தால் கடன் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு வந்து பலகையைப் படிச்சுப் பாரு தம்பி" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலர். தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்குப் பற்று நோட்டு உண்டு. அம்மா சீட்டு எழுதித் தருவாள். நான் போய் நிற்பேன். அண்ணாச்சி பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிவிட்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுவார். விலை என்ன என்று நான் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. கடனுக்கு வாங்குகிறவர்கள் விலை கேட்பது மரியாதை அல்ல என்று எங்களுக்குள் ஓர் எண்ணம். இது 1980களின் நடுவில்.

பிற்பாடு, கதை எழுதுகிறவனுக்கு ஏற்படும் கண்ட கண்ட புஸ்தகங்களைப் படிக்கும் பழக்கத்தினால், இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் என்னும் ஊரின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. அந்த ஊரில் போரோ புரட்சியோ நடந்ததற்காக அதன் பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிடவில்லை. ஒரு மளிகைக் கடை திறந்ததனால் தெரிந்தது!

ராச்டேல் கம்பளித் துணி நெய்கிற ஊர். விசைத்தறிகள் வந்த பிறகு கைத்தறிக்காரர்களின் கூலி சரிந்துகொண்டே போயிற்று. 1840களை அந்த நாட்டுச் சரித்திரக்காரர்கள் பசிக் காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். கூலி குறைவு என்பது பாதிக் கஷ்டம்தான். அந்தக் கூலியைக் கொண்டு வாங்குகிற சாமான் எப்படி இருந்தது என்பது மீதிப் பாதி. பல இடங்களில் முதலாளிகள் கூலியைக் காசாகத் தராமல், தங்கள் கடையிலேயே சாமானாக வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். இதைத் தடுக்க 1831இல் சட்டம் வந்தும் வழக்கம் உடனே ஒழியவில்லை. மற்றக் கடைகளிலோ கடன். கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக முடியாது. போக முடியாதவனுக்கு எதைக் கொடுத்தால் என்ன? மாவில் படிகாரம் கலந்தார்கள். ஒரு முறை காய்ச்சிய தேயிலையை உலர்த்திச் சாயம் ஏற்றி மறுபடி விற்றார்கள். பிரெடரிக் ஆக்கம் என்ற ரசாயன நிபுணர் 1820லேயே இந்தக் கலப்படங்களை அம்பலப்படுத்தி ஒரு புஸ்தகம் எழுதினார். ஆனாலும் கலப்படத் தடைச் சட்டம் அங்கே முதன்முதலில் வந்தது 1860இல்தான். நாற்பது வருஷம்! அதுவரை ஜனங்கள் சாப்பிடாமலா இருக்க முடியும்?

ராச்டேல் நெசவாளிகளும் வேறு சில தொழிலாளிகளுமாக ஏறத்தாழ 28 பேர் கூடினார்கள். வாரம் இரண்டு பென்ஸ், பிறகு மூன்று பென்ஸ் என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் திரட்டினார்கள். 'டோட் லேன்' என்ற சந்தில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகை பேசிப் பிடித்தார்கள். பெயரைப் பார்த்தால் தேரைச் சந்து என்று தோன்றும். உண்மையில் 'பழைய சந்து' என்பதை அந்த ஊர் நாக்கு அப்படித் திரித்துவிட்டது என்று சொல்கிறார்கள். 1844ஆம் வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி இரவு கடை திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. ஆலைப் பையன்கள் வாசலில் கூடி நின்று கேலி செய்தார்களாம்.

கேலி செய்ததில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதே சந்தில் 1833இல் இப்படி ஒரு கடை தொடங்கி, இரண்டே வருஷத்தில் மூடிக் கிடந்தது. காரணம், உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டுக்காரனே கடைக்கும் சொந்தக்காரன்; அவனிடம் பாக்கி கேட்பது எப்படி? ஆகவே இந்த முறை முதல் விதியே ரொக்கம் என்று வைத்தார்கள். நிறையும் அளவும் சரியாக இருக்க வேண்டும், கலப்படம் கூடாது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு.

இவற்றுக்கெல்லாம் மேலான சாமர்த்தியம் ஒன்று உண்டு. அவர்கள் சாமான்களை மலிவாக விற்கவில்லை. ஊரில் என்ன விலையோ அதே விலைதான். முதலுக்கு வரம்பிட்ட வட்டி கொடுத்தது போக, மிஞ்சிய லாபத்தை யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்தக் கணக்குப்படி பிரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். உதாரணமாக, பவுனுக்கு ஒரு ஷில்லிங் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு பவுனுக்குச் சாமான் வாங்கிய குடும்பத்துக்கு வருஷ முடிவில் 12 ஷில்லிங் கையில் நிற்கும். விலையில் தினம் ஒரு காசு குறைத்திருந்தால் அது போன இடம் தெரியாது. சேர்ந்து வந்தால் குழந்தைக்குச் செருப்பு வாங்கலாம். கூலியில் மிச்சம் பிடிக்க வழியில்லாதவர்களை அன்றாடச் செலவிலேயே மிச்சம் பிடிக்க வைத்த யுக்தி இது.

1845 முடிவில் 74 உறுப்பினர்கள். 710 பவுன் வியாபாரம். 22 பவுன் லாபம். 1850இல் உறுப்பினர் 600 பேர். 1863இல் அந்த வட்டாரத்துச் சங்கங்கள் ஒன்றுகூடி மொத்தக் கொள்முதல் சங்கமே அமைத்துவிட்டன. டோட் லேன் கடை 1931இல் காட்சிசாலை ஆயிற்று.

இந்தக் காற்று நம் ஊருக்கும் வந்தது. சென்னை ராஜதானியில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்தார். 1904 மார்ச்சில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அது கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். மற்ற வகைச் சங்கங்களுக்கு 1912 சட்டம்தான் தாராளமாக இடம் கொடுத்தது. திருவல்லிக்கேணிவாசிகள் அதுவரை காத்திருக்கவில்லை. 1904லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுக்காகப் பின்னாளில் உலகம் கொண்டாடிய சாஸ்திரியார் அப்போது அங்கே இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். வாத்தியாரும் குமாஸ்தாவும் வாழ்ந்த பேட்டை அது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அரிசி பருப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை அல்லவா?

ராச்டேல்காரர்களைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ரொக்கம் என்ற விதி, கையில் ரொக்கமே இல்லாத பரம ஏழையை வெளியே நிறுத்திவிட்டது. வேலை போனவனுக்குப் பழைய கடன் கடைதான் கதி. எங்கள் அண்ணாச்சியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு ஒரு சமயம் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அவருடைய பற்று நோட்டினால்தான்.

ஆனால் சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் நோட்டு எங்களை விடவில்லை. அதிலிருந்து மீள ஒரே வழி, ஏதாவது ஒரு மாதம் இரட்டைச் செலவு செய்வதுதான். பழைய பாக்கியையும் தீர்க்க வேண்டும். புது மாதத்துச் சாமானுக்கும் காசு வேண்டும். அந்த இரண்டாவது பணம் எங்கள் வீட்டில் எப்போது இருந்தது?

இருந்தது. ஒரு முதல் தேதியன்று அம்மா கடுகு டப்பாவையும் வெந்தய டப்பாவையும் இறக்கிக் கவிழ்த்தாள். கசங்கிய ஒற்றை ரூபாய்களும் சில்லறையுமாக அவளுடைய சிறுவாட்டுப் பணம் தரையில் குவிந்தது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு தானே கடைக்குப் போனாள். பாக்கியைத் தீர்த்து, நோட்டில் கோடு போடச் சொன்னாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "துவரம்பருப்பு கிலோ என்ன விலை?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி விலையைச் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவின் கையில் இருந்த பணத்தைப் பார்த்தார்.

"ரொக்கமா அக்கா? அப்படின்னா ஐம்பது காசு குறைச்சுக்குங்க."

அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. எத்தனை கிலோ, எத்தனை வருஷம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.